புதுப்பிப்பு: தண்டுகள் பிரிந்துவிட்டன
போன வாரம் கேட்டிருந்தேன்: மியூஸ்கோர் என்ற இசைக்குறிப்பு மென்பொருளில் சோப்ரானோ (மேல் குரல்), ஆல்டோ (அதற்குக் கீழ்க் குரல்) இரண்டையும் ஒரே ஸ்டாஃபில், அதாவது ஒரே ஐந்து கோட்டு வரிசையில், எழுதினால் சுரங்களின் தண்டுகள் (சுரத்தலையோடு சேர்ந்த செங்குத்துக் கோடுகள்) ஒட்டிக்கொள்கின்றன, தண்டைத் திருப்பும் எக்ஸ் விசையை அழுத்தினால் சேர்ந்தே திரும்புகின்றன என்று. தவறு என்னுடையதுதான். ஒரே ஸ்டாஃபில் தனித்தனிக் குரல்களை எழுத வாய்ஸ் 1, வாய்ஸ் 2 என்ற அடுக்குகள் உண்டு; நானோ இரண்டையும் வாய்ஸ் 1-லேயே உள்ளிட்டிருந்தேன். அதனால் இரண்டும் ஒரே தண்டில் சேர்ந்து ஒரே கார்டாகிவிட்டது. ஆல்டோ சுரங்களை மட்டும் தேர்ந்தெடுத்து வாய்ஸ் 2 பொத்தானை அழுத்தினேன். சோப்ரானோ தண்டு மேலே, ஆல்டோ தண்டு கீழே என்று தானாகவே பிரிந்தது. எவ்வளவு நிம்மதி!

அப்புறம், முன்பு கையால் இழுத்து நீட்டிய தண்டுகளை கண்ட்ரோல் ஆர் அழுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவந்தேன். தண்டின் வழக்கமான நீளம் ஸ்டாஃப் கோடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் போல மூன்றரை மடங்கு, அதாவது ஒரு ஆக்டேவ் (ஒரு ச-விலிருந்து மேல் ச வரையான தூரம்). பாடுபவர்களின் கண் அதற்குத்தான் பழகியிருக்கிறது, அதை மாற்றியிருக்கவே கூடாது. பீம் (தண்டுகளை இணைக்கும் தடித்த கோடு) மிகவும் சாய்ந்திருந்த ஓரிடத்தில் மட்டும் அதன் கைப்பிடியை இழுத்துச் சரிசெய்தேன்.