போர்ச்சில் காற்றுத் தொட்டி: தண்ணீரை மூன்று நாள் வைக்கலாமா, அன்றன்றே கொட்ட வேண்டுமா?

செந்தூல்காரன்

வெயில் ஏறியதும் எங்கள் தாமான் (குடியிருப்பு) வாட்சப் குழுவில் வழக்கமான எச்சரிக்கை வந்துவிட்டது: "போர்ச்சில் பிள்ளைகளுக்குக் காற்றடைக்கும் தொட்டி வைக்காதீர்கள், டிங்கி வரும். வைத்தாலும் தினமும் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்." இதில் பாதி வீண் பயம், பாதி வீண் செலவு என்கிறேன்.

கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஒன்றரை மீட்டர் அகலம், மூன்று வளையம். 20 சென்டிமீட்டர் நிரப்பினால் 350 லிட்டர். தினமும் கொட்டினால் வாரத்துக்கு 2,450 லிட்டர், மாதத்துக்குப் பத்து கன மீட்டருக்கு மேல். இங்கே கோலாலம்பூர், சிலாங்கூரில் வீட்டுத் தண்ணீர்க் கட்டணம் 20 கன மீட்டரில் ஒருமுறை ஏறும், 35-ல் இன்னொரு முறை ஏறும். நாலு பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் என்று வைத்தாலே மாதம் 24. அதற்கு மேல் இந்தப் பத்தும் சேர்ந்தால் இரண்டாவது படி கிட்டே வந்துவிடும்.

மூன்று நாள் வைப்பதில் தப்பே இல்லை. 5.25 சதவீத, வாசனை சேர்க்காத குளோரக்ஸ் வெளுப்பான் 350 லிட்டருக்கு 13 மில்லி, அதாவது மூன்று டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. அது 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) குளோரின் கொடுக்கும். நீச்சல் குளத்துக்குச் சொல்லும் அளவே 1 முதல் 3 தான். ராத்திரி ஊற்றி, தார்ப்பாய் போட்டு மூடிவிட்டு, காலையில் குளோரின் அளவு காட்டும் சோதனைப் பட்டையை நனைத்துப் பார்த்துப் பிள்ளைகளை இறக்குங்கள். குளோரின் இருந்தால் கிருமி இல்லை, மூடியிருந்தால் கொசு இல்லை. முடிந்தது கதை.

ஜெலுத்தோங் மருந்துக்கடை

கணக்கு சரி அண்ணே, ஆனால் அது வெறும் தண்ணீருக்கான கணக்கு. பிள்ளைகள் இறங்கிய பிறகு அந்த 2 பிபிஎம் எங்கே போகிறது என்று பார்க்கவில்லையே.

முதல் எதிரி வெயில். வீட்டுக் குளோரக்ஸில் வெயில் தாங்கும் சேர்மானம் கிடையாது. நேர் வெயிலில் பாதிக் குளோரின் போக ஒரு மணி நேரம்கூட ஆகாது. ராத்திரி ஊற்றியதைக் காலையில் பட்டையில் பார்த்து "இருக்கு" என்று இறக்கினால், பதினொன்றரைக்கு அது வெறும் குழாய்த் தண்ணீர்தான்.

இரண்டாவது, பிள்ளைகளே. வியர்வை, சன்ஸ்கிரீன், எச்சில், சிறுநீர் எல்லாம் குளோரினைத் தின்னும். மூன்று வயதுப் பிள்ளை தொட்டிக்குள் சிறுநீர் விடாது என்று எழுதிக் கொடுக்க யாராவது தயாரா? கண் எரிந்து, மருந்து வாடை தூக்கலாக வந்தால் "குளோரின் கூடிப்போச்சு" என்பார்கள். பெரும்பாலும் நேர்மாறு. குளோரின் அழுக்கோடு சேர்ந்து குளோராமின் ஆகிவிட்டது, வேலை செய்யும் குளோரின் தீர்ந்துவிட்டது என்பதற்கான வாடை அது.

மூன்றாவது, வடிகட்டி. பெரிய குளத்தில் தண்ணீர் சுற்றி வந்து வடிகட்டியில் புகுந்து போகும். உங்கள் தொட்டியில் ஊற்றிய மருந்து ஊற்றிய இடத்திலேயே நிற்கும். ஒரு பக்கம் 5, மறுபக்கம் 0. டயாப்பர் பிள்ளை ஒன்று இருந்தால் கதை இன்னும் மோசம். நீச்சல் டயாப்பர் கெட்டியான மலத்தைத்தான் பிடிக்கும், தண்ணீராகப் போவதைப் பிடிக்காது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற வயிற்றுப்போக்குக் கிருமி 1 முதல் 3 பிபிஎம் குளோரினில் ஒரு வாரத்துக்கு மேல் உயிரோடு கிடக்கும். கை-கால்-வாய் நோய் வந்து ஆறிய பிள்ளையின் மலத்தில் அந்த வைரஸ் பல வாரம் வெளியே வரும், கொப்புளம் காய்ந்த பிறகும்.

அன்றன்றே கொட்டுங்கள். இதில் பேரம் இல்லை.

பட்டர்வொர்த் அக்கா

ரெண்டு பேரும் 350 லிட்டரை வச்சுக்கிட்டே சண்டை போடுறீங்க. அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு எதுக்குய்யா 350 லிட்டர்?

அகலமான பேசின் ரெண்டு வாங்குங்க. ஒண்ணு 40 லிட்டர் பிடிக்கும். பாதி நிரப்பினா போதும், ஒரு குவளை, ஒரு வடிகட்டி, ஒரு பழைய ஷாம்பு போத்தல். பிள்ளைக்கு வேண்டியது ஊத்துறது, தெளிக்கிறது, அவ்வளவுதான், நீந்துறது இல்ல. முடிஞ்சதும் அந்தத் தண்ணியில போர்ச்சைக் கழுவுங்க, செடிக்கு ஊத்துங்க. கட்டணமும் ஏறாது, குளோரக்ஸும் வேணாம், தார்ப்பாயும் வேணாம்.

இன்னொண்ணு. தொட்டித் தண்ணி ரெண்டு மணி நேரத்துல கஞ்சி மாதிரி ஆயிடுதுன்னு சில பேர் ஒன்றரை லிட்டர் போத்தல்ல ஐஸ் கட்டி மிதக்க விடுறாங்க. 350 லிட்டர்ல அது அரை டிகிரி இறக்குறதே கஷ்டம். 40 லிட்டர் பேசின்ல அதே போத்தல் நாலு டிகிரி இறக்கும். எது சிக்கனம்னு நீங்களே சொல்லுங்க.

ரப்பர் குழாயைப் பத்தியும் சொல்லிடுறேன். வெயில்ல கிடந்த குழாய்க்குள்ள நிக்கிற தண்ணி பிள்ளை தோலைச் சுட்டுடும். முதல்ல தரையில ஓட விட்டு, உங்க கையில பட்டுக் குளிர்ந்த பிறகுதான் பிள்ளை பக்கம் திருப்பணும்.

செந்தூல்காரன்

அக்கா, பேசின் ஒன்றரை வயசுக்குச் சரி. ஆறும் எட்டும் ஆன ரெண்டு பிள்ளைகள் பேசினில் கால் நனைத்துக்கொண்டு உட்காருமா? பத்து நிமிஷத்தில் மறுபடி கைப்பேசி கேட்கும்.

மருந்துக்கடைக்கு: வெயில் விஷயம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் போர்ச்சுக்கு மேலே கூரை இருக்கிறது, நேர் வெயில் இல்லை. டயாப்பர் பிள்ளை இருந்தால் தினமும் கொட்டட்டும், அதுவும் சரி. பெரிய பிள்ளைகள், இறங்கும் முன் சோப்புப் போட்டுக் குளியல், இரண்டு மணிக்கொருமுறை பட்டை. இவ்வளவு செய்தால் என்ன குறை? கொசுவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே, மூடி வைத்தால் டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு எப்படி உள்ளே போகும்?

ஜெலுத்தோங் மருந்துக்கடை

கொசு உங்கள் தொட்டிக்குள் போக வேண்டியதில்லை அண்ணே. உங்கள் தார்ப்பாய் மேலேயே உட்காரும்.

சித்திரை, வைகாசியில் சாயங்காலம் மழை பிடித்தால் தார்ப்பாய் நடுவில் குழிந்து ஒரு கிண்ணம் தண்ணீர் நிற்கும். ஏடிஸுக்கு அது தாராளம், போத்தல் மூடி அளவே போதும். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க நம் ஊர் வெப்பத்தில் ஏழு முதல் பத்து நாள். தொட்டித் தண்ணீரை மூன்று நாளில் மாற்றுகிறவர் தார்ப்பாயை யோசிப்பதே இல்லை.

இன்னொரு இடம், தொட்டியின் உள்சுவர். ஏடிஸ் தண்ணீருக்குள் முட்டை இடாது, தண்ணீர்க் கோட்டுக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் ஒட்டும். நீங்கள் கொட்டிக் காயவைத்து மடித்து வைத்தாலும் அந்த முட்டை மாதக்கணக்கில் காய்ந்தபடி உயிரோடு இருக்கும். அடுத்த விடுமுறையில் நிரப்பினால் பொரியும். அதனால் கொட்டுவது பாதி வேலைதான். ஸ்காட்ச் பிரைட் எடுத்து வளையங்களுக்கு இடையிலுள்ள பள்ளத்தைச் சுற்றித் தேய்ப்பது மறுபாதி.

சுகாதார அதிகாரிகள் பார்ப்பதும் இதைத்தான். 1975-ஆம் ஆண்டு நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தில் வீட்டு வளாகத்தில் குடம்பி (கொசுப்புழு) இருந்தாலே அபராதம், முதல் தடவை 500 ரிங்கிட். நடுவில் இருக்கும் தொட்டியைப் பார்த்துவிட்டுப் போகமாட்டார்கள், வீட்டுக்குப் பின்னால் சுருட்டிப் போட்ட பழைய தொட்டியின் மடிப்பைத்தான் விரிப்பார்கள்.

மூடாமல் ராத்திரி வைத்தாலோ எலி. போர்ச் ஓரமாகவே லோங்காங் (சாக்கடை) ஓடும் தெரஸ் (வரிசை) வீடுகளில் எலிச்சிறுநீர்க் காய்ச்சலைச் சும்மா பேச்சு என்று தள்ள முடியாது.

ஆயர் ஈத்தாம் 14வது மாடி

போர்ச்சே இல்லாதவர்களின் கேள்வி. பால்கனியில் வைக்கலாமா? விற்கிறவர்கள் "பால்கனிக்கு ஏற்றது" என்று போட்டிருக்கிறார்கள்.

செந்தூல்காரன்

வேண்டாம். இதில் எனக்கும் மருந்துக்கடைக்கும் சண்டை வராது. 20 சென்டிமீட்டர் தண்ணீர் என்றால் சதுர மீட்டருக்கு 200 கிலோ. குடியிருப்புத் தளத்துக்குப் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், ஏறக்குறைய 150 கிலோ. பிள்ளைகள் குதிப்பது தனி.

பட்டர்வொர்த் அக்கா

கனத்தை விடுங்க தம்பி. காற்றடைச்ச வளையம் கம்பி ஓரத்துல கிடந்தா அது பிள்ளைக்கு ஏணிப்படி. அது மேல ஏறி நின்னா கம்பியோட உயரம் எவ்வளவு மிச்சம்? பிளாட்டுக்குக் குளியலறை, பேசின், ஷவர். வேற பேச்சே இல்ல.

ஜெலுத்தோங் மருந்துக்கடை

அக்காவின் பேசினுக்கும் ஒரு நிபந்தனை. அகலமும் ஆழக் குறைவும் உள்ளதாக இருக்கணும். உயரமான 20 லிட்டர் வாளி ஆபத்து. தவழ்ந்து எழும் பிள்ளைக்குத் தலைதான் கனம். எட்டிப் பார்த்துக் கவிழ்ந்தால் வாளி சாயாது, பிள்ளையால் நிமிரவும் முடியாது. சில சென்டிமீட்டர் தண்ணீரே போதும், சத்தமும் வராது. எந்தப் பாத்திரமானாலும் கைக்கு எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர். சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது இதில் சேராது. கதவு தட்டினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்த் திறங்கள்.

ஆயர் ஈத்தாம் 14வது மாடி

புரிந்தது. எந்த நேரம் நல்லது? பத்து மணியிலிருந்து நாலு வரை வெயிலில் விடக்கூடாது என்கிறார்களே, அப்படியானால் நாலரைக்குக் கீழே இறக்கி விளையாட விடலாமா?

பட்டர்வொர்த் அக்கா

அந்தப் பத்து-நாலு கணக்கு, உச்சி வெயில் பன்னிரண்டு மணிக்கு அடிக்கிற ஊருக்கு. நம்ம கடிகாரம் 1982-ல அரை மணி நேரம் முன்னால தள்ளப்பட்டது. கோலாலம்பூர்ல உச்சி ஏப்ரல்ல ஒண்ணே கால், பினாங்குல ஒண்ணு இருபது. அப்படின்னா சாயங்காலம் நாலரை வெயிலும் காலை பத்து மணி வெயிலும் ஒரே காட்டம். நாலு மணிக்குப் பயம் போச்சுன்னு இறக்கிடாதீங்க. காலையில எட்டரைக்கு ஆரம்பிச்சு பத்துக்குள்ள முடிங்க, இல்ல அஞ்சேகாலுக்கு மேல. சந்தேகம்னா நிழலைப் பாருங்க: பிள்ளையோட நிழல் பிள்ளையை விடக் குட்டையா இருந்தா உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க.

சாயங்காலம்னா இடியும் இருக்கு. ஒரு இடி கேட்டாலும் தண்ணியை விட்டு எழும்பி வீட்டுக்குள்ள. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழிச்சுத்தான் வெளியே. பெரும்பாலும் அன்னைக்கு ஆட்டம் அதோட முடிஞ்சிடும், அதனாலதான் காலையைச் சொல்றேன்.

செந்தூல்காரன்

நேரம் ஒப்புக்கொண்டேன். அளவையும் குறைக்கிறேன்: 10 சென்டிமீட்டர் போதும், 175 லிட்டர். தினமும் கொட்டினாலும் மாதம் ஐந்து கன மீட்டர்தான், படி தாண்டாது. ஆனால் ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும் இறங்கும் தொட்டியை, கூரையடியில், பட்டை வைத்துப் பார்த்து இரண்டு நாள் வைத்துக்கொள்வதில் இன்னும் எனக்குத் தப்புத் தெரியவில்லை.

ஜெலுத்தோங் மருந்துக்கடை

எனக்குத் தெரிகிறது. அண்டை வீட்டு மூன்று வயது கேட் திறந்து வந்தால் உங்கள் "ஏழு வயதுக்கு மேற்பட்ட" தொட்டி என்ன செய்யும்? ராத்திரி முழுக்க நிற்கும் தண்ணீருக்குக் காவல் யார்?

குளோரக்ஸ் வாங்கியே தீருவேன் என்றால் இரண்டு விஷயம். வாசனை சேர்த்தது, கெட்டியாக ஒட்டும் வகை இரண்டும் வேண்டாம். கழிவறைக் கழுவி, வினிகர், எலுமிச்சை எதோடும் கலக்காதீர்கள். அமிலம் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், போர்ச்சிலேயே மூச்சு முட்டும்.

செந்தூல்காரன்

கேட் விஷயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. சரி, கொட்டிவிடுகிறேன்.

அப்படியானால் கொட்டும் முறையையாவது ஒழுங்காகச் சொல்லி வைப்போம். அடியிலுள்ள வடிகால் மூடியை மட்டும் திறந்தால் கடைசி இரண்டு விரல் தண்ணீர் போகாது. லோங்காங் பக்கத்து வளையத்தை மிதித்து அழுத்துங்கள், எதிர்ப்பக்கத்தைத் தூக்குங்கள், நிமிஷத்தில் காலி. ரப்பர் குழாயில் உறிஞ்சி இறக்கினால் மணிக்கணக்கு ஆகும். தேய்த்துக் கழுவி, கேட் மேல் கவிழ்த்துப் போட்டுக் காயவிடுங்கள். ஈரத்தோடு மடித்தால் வளையத் தையலில் கரும்பூஞ்சை பிடிக்கும், பிறகு எதனாலும் போகாது.

காற்றையும் முழுக்க அடைக்காதீர்கள். காலையில் கல்லாக அடைத்தால் பத்து மணி வெயிலில் உள்ளே காற்று விரிந்து தையல் பிளந்துவிடும். விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் உள்ளே போக வேண்டும். ஓட்டை தெரியவில்லை என்றால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், குமிழி விடும் இடம் அதுதான். ஒட்டுத்துண்டு போடும் முன் அந்த இடம் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், எண்ணெய்ப்பசை கூடாது.

ஆயர் ஈத்தாம் 14வது மாடி

பேசின் இரண்டு வாங்கியாகிவிட்டது. ஐஸ் போத்தல் பெட்டியில் கிடக்கிறது. ஷாம்பு போத்தல்தான் இன்னும் காலியாகவில்லை.