ரிப்பேர் முகாம் கணக்கு: இன்னும் உறுத்துவதைச் சொல்லுங்கள்

திருப்புளி
பழுதான பொருட்களை ரிப்பேர் செய்து கொடுத்து, எத்தனை கிலோ குப்பையைத் தவிர்த்தோம் என்று வாசல் போர்டில் எழுதுகிறது நம் முகாம். அந்தக் கணக்குதான் உறுத்துகிறது. ஒரே சீலிங் ஃபேன், அடுத்தடுத்த இரண்டு முகாம். முதல் தடவை 2.5 எம்எஃப்டி கெபாசிட்டர், அடுத்தது பேரிங் சத்தம். பதிவேட்டில் இரண்டு வரி, வரிக்கு 4 கிலோ. வாசல் போர்டில் அது 8 கிலோ "தவிர்த்த குப்பை" ஆகிவிட்டது! மேஜையில் மிஞ்சிய குப்பை என்னவோ ஒரு செத்த கெபாசிட்டரும் ஒரு பேரிங்கும்தான். மோட்டார் மூடியில் பெயிண்ட் மார்க்கரால் எண் எழுதி, பதிவேட்டிலும் அதையே குறித்தால் தீரும்.

எடைக்கல்
அதைவிடப் பெரிய ஓட்டை "சரியானது" கட்டம். மிக்ஸி கப்ளர் தேய்ந்திருக்கு, கடையில் வாங்கிப் போட்டுக்கங்க என்று அனுப்பினாலும் டிக் விழுகிறது. லண்டனில் 2012-ல் தொடங்கிய ரீஸ்டார்ட் புராஜெக்ட் என்ற ரிப்பேர் அமைப்பின் ஆன்லைன் பதிவேடான ஃபிக்ஸோமீட்டரில் மூன்று நிலை: சரியானது, சரிசெய்யக்கூடியது, ஆயுள் முடிந்தது. தராசும் வேண்டாம், வகைக்கொரு சராசரி எடை. ரிப்பேர் ஆனதில் ஒரு பகுதிதான் புதுசு வாங்குவதைத் தடுக்கும் என்பதால் கார்பன் கணக்கில் 0.5-ஆல் பெருக்குவார்கள். அதையே எடுத்துக்கலாமே.

கோவை_வைண்டிங்
அந்த 0.5 அவங்க ஊருக்கு. இங்கே ஓடாத ஃபேனை யார் குப்பையில் போடுறாங்க? வைண்டிங் கடைக்குப் போகும், இல்லாட்டி காயலான் கடைக்கு. அங்கே காப்பர் தனியா, இரும்பு தனியாப் பிரிஞ்சிடும். அப்போ முகாம் தவிர்த்தது குப்பையையா, கடைக்காரர் கூலியையா? பதிவு மேஜையிலேயே ஒரு கேள்வி வைங்க: "இங்கே வராட்டி இதை என்ன பண்ணியிருப்பீங்க?" கடை, காயலான், எக்ஸ்சேஞ்ச், பரண் என்று நாலு கட்டம். ரிப்பேருக்கு முன்னாடியே கேட்கணும். ஓட ஆரம்பிச்ச பிறகு கேட்டா, நன்றி சொல்ற வேகத்துல "தூக்கிப் போட்டிருப்பேங்க" என்பார்கள்.

பேரேடு
யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். போர்டில் கிலோவை முதலில் போடாதீர்கள். வந்தது எத்தனை, ஓடியது எத்தனை, மூன்று மாதம் கழித்து போன் பண்ணும்போது இன்னும் ஓடுவது எத்தனை, இந்த மூன்றும் போதும். ஓடாததற்குக் காரணமும் எழுதுங்கள்: உதிரி கிடைக்கவில்லை, உதிரி விலை அதிகம், உடைக்காமல் திறக்க முடியவில்லை. கம்பெனியிடம் உதிரி கேட்டு வாதாட உதவுவது இந்தப் பட்டியல்தான், கிலோ இல்லை. "இத்தனை மரம் நட்டதற்குச் சமம்" என்பதை விட்டுவிடுங்கள். எந்த மரம், எத்தனை வருஷம் என்று ஒரு ஆள் கேட்டால் போர்டைக் கழற்ற வேண்டியதுதான்.

ஃபேனுக்கு இன்னொரு வம்பு. பழைய ஃபேன் 75 வாட், பிஎல்டிசி என்ற கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை மோட்டார் ஃபேன் சுமார் 30. தினம் 12 மணி நேரம் ஓடினால் வருஷத்துக்கு 197 யூனிட் வித்தியாசம். நம் கிரிட்டில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு என்று வைத்தால் 138 கிலோ. புதுசு வாங்கவிடாமல் பழைய ஃபேனையே ஓட வைத்துவிட்டு, அந்த வரியில் "கார்பன் மிச்சம்" என்று எழுதினால் பொய்.

திருப்புளி
அப்போ கெபாசிட்டர் மாற்றாமல் திருப்பி அனுப்பவா?

பேரேடு
மாற்றுங்கள். காசு மிச்சம் என்ற கட்டத்தில் எழுதுங்கள், கார்பன் கட்டத்தைக் காலியாக விடுங்கள். மிக்ஸி அப்படியில்லை, நாளுக்குப் பத்து நிமிஷம்தான் ஓடுகிறது, பழசுக்கும் புதுசுக்கும் கரண்ட் வித்தியாசம் சொற்பம்.

கோவை_வைண்டிங்
காசு மிச்சம்னா, கடையில் கொடுத்திருக்க வேண்டிய கூலியைத்தான் போடணும். புது ஃபேன் விலையைப் போட்டுடாதீங்க.