மருந்துக்கும் உணவுக்கும் பின்னால் மறைந்த கை ஒன்று இருக்கிறதா?

வேம்படி:
பக்கத்து இழையில் "மாற்று மருத்துவம் பேசுகிறவர்கள் சதிக்கதையில் வாழ்கிறார்கள்" என்று ஒருவர் எழுதினார், பேச்சும் அத்தோடு நின்றுவிட்டது. நான் இங்கே தொடர்கிறேன். 1910-இல் மருத்துவக் கல்லூரிகளின் தரம் பற்றி அமெரிக்காவில் ஃபிளெக்ஸ்னர் அறிக்கை வந்தது. ராக்ஃபெல்லரின் எண்ணெய்ப் பணத்தில் எழுதப்பட்ட அந்த அறிக்கையால் மூலிகையும் ஹோமியோபதியும் கற்றுத்தந்த கல்லூரிகள் மூடின. பிறகு சர்க்கரைத் தொழில் காசு கொடுத்து, இதயநோய்க்குக் கொழுப்புதான் காரணம் என்று எழுதவைத்தது. இன்று நோயைத் தரும் உணவை விற்பவருக்கும், அந்த நோய்க்கு ஆயுள் முழுக்க மாத்திரை விற்பவருக்கும் ஒரே வாடிக்கையாளர். அவர் குணமாகிவிட்டால் இருவருக்கும் நட்டம். இவ்வளவுக்கும் பின்னால் ஒரு கை இல்லை என்றால், எப்படி என்று சொல்லுங்கள்.

குடுவை:
முதல் செய்தியிலேயே பிழை இருக்கிறது. அந்த அறிக்கையைக் கேட்டுவாங்கியது கார்னெகி அறக்கட்டளை. ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் அமெரிக்கா, கனடா இரண்டிலும் இருந்த 155 மருத்துவக் கல்லூரிகளைப் பற்றி எழுதினார். ஆய்வுக்கூடம் இல்லாத, மாணவர் நோயாளியைத் தொடவே வாய்ப்பில்லாத, கட்டணம் கட்டினால் பட்டம் தருகிற இடங்களைக் கடுமையாகச் சாடினார். அவற்றில் பெரும்பாலானவை வழக்கமான அலோபதிக் கல்லூரிகளே. மூடல்களும் அதற்கு முன்பே தொடங்கிவிட்டன. அமெரிக்க மருத்துவச் சங்கம் 1904-இலேயே கல்விக் குழு அமைத்துத் தரம் பார்க்கத் தொடங்கியது. ராக்ஃபெல்லர் பணம் பிற்பாடு பெரிய அளவில் வந்தது உண்மை. ஆனால் செயற்கை மருந்துத் தொழில் அதற்கும் முன்னால், ஜெர்மனியின் சாயத் தொழிலிலிருந்தும் நிலக்கரித் தாரிலிருந்தும் பிறந்தது. ஆஸ்பிரின் சந்தைக்கு வந்த ஆண்டு 1899.

அந்த அறிக்கையில் கோபப்பட வேண்டிய இடம் வேறு. கறுப்பின மாணவர்களுக்கென்று இருந்த ஏழு கல்லூரிகளில் இரண்டு மட்டும் போதும் என்றது. மற்ற ஐந்தும் மூடின. இதை யாரும் மறைக்கவில்லை, அறிக்கையிலேயே அச்சாகி இருக்கிறது. அதிகாரம் தன் வேலையைப் பட்டப்பகலில் செய்தது.

வேம்படி:
கார்னெகி பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன். சர்க்கரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள். 1965-இல் அமெரிக்கச் சர்க்கரை ஆய்வு அறக்கட்டளை ஹார்வர்டு ஆய்வாளர்களுக்கு 6,500 டாலர் கொடுத்தது. 1967-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் அவர்களின் கட்டுரை வந்தது. பணம் யாருடையது என்று ஒரு வரிகூட அதில் இல்லை. இரு தரப்புக்கும் இடையே நடந்த கடிதங்கள் வெளிவந்தது 2016-இல். 49 ஆண்டுகள்! மறைந்த கை என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

தராசு:
ஆவணங்கள் உண்மையானவை. கூடவே, 2018-இல் சயன்ஸ் இதழில் வந்த மறுப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அந்தக் காலத்தில் தொழில்துறைப் பணம் வாங்குவது சாதாரண நடைமுறை. பணத்தின் மூலத்தை வெளியிடும் கட்டாயத்தையே அந்த இதழ் 1984-இல்தான் கொண்டுவந்தது. அந்த ஆய்வாளர்களோ, கொழுப்புக்கும் இதயநோய்க்கும் தொடர்பு உண்டு என்று ஏற்கெனவே நம்பியவர்கள்.

இதனால் சர்க்கரைத் தொழில் தப்பித்துக்கொள்கிறது என்று நான் சொல்லவில்லை. என் பார்வையில் இது சதியைவிட மோசம். யாருடைய மனத்தையும் மாற்றத் தேவையில்லை. தனக்குச் சாதகமாக ஏற்கெனவே பேசுகிறவரைக் கண்டுபிடித்து அவர் கையில் ஒலிபெருக்கியைக் கொடுத்தால் போதும். 2015-இல் கோக்கோ கோலா பணத்தில் இயங்கிய உலக ஆற்றல் சமநிலை வலையமைப்பு செய்ததும் அதுதான். உடற்பயிற்சி நல்லது என்றார்கள், அதில் பொய் இல்லை. உடல் எடைப் பேச்சில் பானத்தைப் பின்னுக்குத் தள்ளி, ஓட்டத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். செய்தி வெளியானதும் அதே ஆண்டு கடையைக் கட்டினார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு ரகசியக் கூட்டம் எதற்கு?

உப்புக்கல்:
எல்லோரும் பழைய காலத்தையே பேசுகிறீர்கள். இன்றைய கையைப் பார்க்க வேண்டுமானால் பொட்டலத்தைத் திருப்புங்கள்.

சேர்மானப் பட்டியல் எடை வரிசையில் இருக்கும், அதிகம் உள்ளது முதலில். இந்த விதியை எப்படி வளைக்கிறார்கள் என்று ஒரு கணக்கு போடுவோம். 100 கிராமில் ஓட்ஸ் 30, சர்க்கரை 12, குளுக்கோஸ் சிரப் 10, மால்டோடெக்ஸ்ட்ரின் 8, பழச்சாற்று அடர்வு 5 என்று வையுங்கள். பட்டியலில் ஓட்ஸ்தான் முதலிடம். இனிப்பு வகைகளைக் கூட்டினால் 35, ஓட்ஸைவிட அதிகம். இன்னொன்றும் உண்டு: மால்டோடெக்ஸ்ட்ரின் என்பது ஸ்டார்ச்சை உடைத்துச் செய்யும் பொடி; குளுக்கோஸ் கண்ணிகள் கோத்த நீண்ட சங்கிலி என்பதால் "சர்க்கரை" என்ற வரியில் அது கணக்காகாது, மொத்த மாவுச்சத்தில் போய் ஒளிந்துகொள்ளும். இரத்தத்தில் குளுக்கோஸை ஏற்றும் வேகத்திலோ அது சர்க்கரைக்குக் குறைந்ததல்ல. ஆகவே சர்க்கரை வரியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். மொத்த மாவுச்சத்து, நார்ச்சத்து, சேர்மானப் பட்டியல் மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இதயத்துக்குக் கேடான டிரான்ஸ் கொழுப்பில் இதே வேலை இன்னும் அப்பட்டம். தாவர எண்ணெயில் நிக்கல் வினையூக்கியோடு ஹைட்ரஜனைச் செலுத்தி, பாதியில் நிறுத்தினால் கெட்டிக் கொழுப்பு கிடைக்கும், டிரான்ஸ் அமைப்பும் கூடவே வரும். அமெரிக்காவில் 2006-இல் அதை அச்சிட வேண்டும் என்றார்கள். ஆனால் ஒரு பரிமாறலில், அதாவது ஒரு தடவை சாப்பிடுவது என்று அட்டையில் போடும் அளவில், 0.5 கிராமுக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று போடலாம். பரிமாறலின் அளவைச் சிறிதாக்கி 0.4 கிராமில் நிறுத்தினால் அட்டையில் பூஜ்யம். நாலு பரிமாறல் தின்றவர் வயிற்றில் 1.6 கிராம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மேல்வரம்பு ஆற்றலில் 1 சதவீதம், அதாவது 2,000 கலோரிக்குச் சுமார் 2.2 கிராம். ஒரே பொட்டலத்தில் முக்கால் பங்கு போய்விட்டது. டென்மார்க் 2003-இல் 100 கிராம் கொழுப்பில் 2 கிராமுக்கு மேல் கூடாது என்று சட்டம் போட்டது. அங்கே பரிமாறலைச் சுருக்கிப் பயனில்லை. எதை எதனால் வகுப்பது என்று எழுதும் மேசையில்தான் அதிகாரம் உட்கார்ந்திருக்கிறது.

அமெரிக்க விதியில் இன்னொரு ஓட்டை: "பாதுகாப்பானது என்று பொதுவாக ஏற்கப்பட்டது" என்ற 1958-ஆம் ஆண்டுப் பிரிவு. சேர்மானத்தைத் தயாரிக்கும் நிறுவனமே நிபுணர்களை வைத்து அந்த முத்திரையைக் குத்திக்கொள்ளலாம். அரசுக்குத் தெரிவிப்பதுகூட அவர்கள் விருப்பம்.

வேம்படி:
நீங்களே என் வாதத்தைப் பேசிவிட்டீர்கள். ஆலையில் செய்ததை ஒதுக்குங்கள் என்பதைத்தான் நானும் சொல்கிறேன். 2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் 20 பேரை வைத்துச் சோதித்தார். அதிகம் பதப்படுத்திய உணவு இரண்டு வாரம், மற்றது இரண்டு வாரம். முதல் வகையில் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், 0.9 கிலோ ஏறியது.

உப்புக்கல்:
நல்ல ஆய்வு, நானும் மதிக்கிறேன். ஆனால் அதன் உள்ளே போய்ப் பாருங்கள். இரு உணவிலும் நார்ச்சத்தைச் சமமாக்க, பதப்படுத்திய பக்கத்தில் நாரைப் பானத்தில் கரைத்துக் கொடுத்தார்கள். அதனால் திட உணவில் கிராமுக்குக் கலோரி கூடிப்போனது. மென்மையாக இருந்ததாலோ என்னவோ, வேகமாகவும் தின்றார்கள். காரணம் பதப்படுத்தலா, கலோரி அடர்த்தியா, வேகமா என்பதை அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை. "ஆலை என்றால் நஞ்சு" என்று சொன்னால் அயோடின் உப்பு, பாஸ்டர் முறையில் சூடாக்கிய பால், ஃபோலிக் அமிலம் சேர்த்த மாவு எல்லாம் அடிபடும். கடைசியாகச் சொன்னது குழந்தைகளின் தண்டுவடக் குறைபாட்டைக் குறைத்தது.

குடுவை:
மருந்துப் பக்கம் கை சுத்தம் என்று நான் சொல்லவில்லை. மன அழுத்த மருந்துகள் 12-ஐ எடுத்து 2008-இல் ஒரு கணக்குப் பார்த்தார்கள். மருந்துகளுக்கு அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.விடம் பதிவான ஆய்வுகள் 74. சாதகமானவை 38, அவற்றில் 37 அச்சேறின. சாதகமற்றவை அல்லது சந்தேகமானவை 36. அவற்றில் 22 வெளிவரவே இல்லை, 11 சாதகம் போல எழுதப்பட்டன, உள்ளபடி வந்தவை 3. இதழை மட்டும் படித்த மருத்துவருக்கு 94 சதவீத வெற்றி தெரிந்தது, உண்மையில் 51.

இதற்கு மருந்தும் கண்டுபிடித்தாயிற்று: முன்பதிவு. ஆய்வு தொடங்கும் முன்னே எதை அளக்கப்போகிறோம் என்று பொதுப் பதிவேட்டில் எழுதிவைப்பது. அமெரிக்க அரசுப் பணத்தில் நடந்த பெரிய இதயநோய் ஆய்வுகளில், 2000-க்கு முன் 30-இல் 17 பலன் காட்டின. முன்பதிவு வந்தபின் 25-இல் 2. மனிதர் மாறவில்லை; முடிவைப் பார்த்துவிட்டு அளவுகோலை மாற்றும் வசதி போய்விட்டது.

யாரும் செய்து பார்க்கலாம். ஆய்வுக் கட்டுரையில் பதிவு எண் இருக்கும். அதைப் பதிவேட்டில் தேடி, "முதன்மை முடிவு" என்ற இடத்தில் முதலில் எழுதியது என்ன, எந்தத் தேதியில் திருத்தினார்கள் என்று பாருங்கள். இறப்பு என்று தொடங்கி இரத்தப் பரிசோதனை எண்ணில் முடிந்திருந்தால் எச்சரிக்கை. "ஆபத்து 50 சதவீதம் குறைந்தது" என்றால் எத்தனையிலிருந்து எத்தனைக்கு என்று கேளுங்கள். 100 பேரில் 2 என்பது 1 ஆனாலும் 50 சதவீதம்தான். ஒருவருக்குப் பலன் கிடைக்க 100 பேர் விழுங்க வேண்டும்.

வேம்படி, இதே கேள்விகளை ஒரு மூலிகைக் குப்பியிடம் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதிவு எண்ணே கிடைக்காது.

வேம்படி:
எப்படிக் கிடைக்கும்? காப்புரிமை இல்லாத இலைக்கு யார் பெரிய ஆய்வு நடத்துவார்கள்? "சான்று இல்லை" என்கிறீர்கள்; சான்று தேடவே பணம் கொடுக்காதது யார்? எது ஆராயப்படாமல் போகிறது என்பதில்தான் அதிகாரம் உண்மையில் மறைந்திருக்கிறது. தேடிய இடத்தில் கிடைத்ததைப் பாருங்கள்: தூ யூயூ நான்காம் நூற்றாண்டுச் சீன மருத்துவ நூலைப் பின்பற்றி, ஆர்டிமிசினின் என்ற மலேரியா மருந்தை ஒரு செடியிலிருந்து எடுத்தார். 2015-இல் நோபல் பரிசு.

குடுவை:
அந்த நூலில் இருந்த குறிப்பே சுவையானது: செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி. கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடு பொருளைக் கெடுக்கிறது என்று தூ ஊகித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரில் பிரித்தார். மரபு வழிகாட்டியது, முழு மதிப்பும் அதற்கு உண்டு. ஆனால் இன்று அதே இலையைத் தேநீராகக் குடித்து மலேரியாவைக் குணமாக்க நினைத்தால் மருந்தின் அளவு போதாது. கிருமி தப்பிப் பிழைத்து எதிர்ப்பு பெறும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் இலையாக எடுப்பதை ஏற்கவில்லை.

அரிஸ்டோலோக்கியா என்ற மூலிகைச் செடியையும் பேச வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் எடைகுறைப்புக்குக் கொடுத்த சீன மூலிகைப் பொடியால் பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. பெயர் ஒலி ஒத்திருந்ததால் வேறொரு செடிக்குப் பதில் அரிஸ்டோலோக்கியா கலந்துவிட்டது.

வேம்படி:
அது மரபின் தவறு அல்ல. நவீன எடைகுறைப்பு மையம், மரபில் இல்லாத பயன்பாடு, மாதக்கணக்கில் கொடுத்தது, செடியே மாறிப்போனது. மரபு வைத்தியர் செடியை முகர்ந்து பார்த்திருப்பார்.

தராசு:
செடி மாறாத இடத்தையும் பாருங்கள். தைவானில் அரிஸ்டோலோக்கியாவை மரபு மருந்தாகவே தெரிந்து கொடுத்தார்கள். அங்கே மேல் சிறுநீர்ப்பாதைப் புற்றுநோயாளிகள் பலரின் டி.என்.ஏ.வில், அந்தச் செடியில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் விட்டுச்செல்லும் தனித்த தழும்பு கிடைத்தது. முகர்ந்து பார்த்தால் தெரியாது. இன்று குடித்தவருக்குப் பல ஆண்டு கழித்துப் புற்று வந்தால், எந்த வைத்தியர் இரண்டையும் இணைப்பார்? மூன்றே நாளில் வாந்தி வரவைக்கும் நஞ்சை மரபு நன்றாகக் கண்டுபிடிக்கும். இருபது ஆண்டு காத்திருக்கும் நஞ்சைப் பிடிக்க நோயாளிகளின் பெயர்ப்பட்டியலும் கணக்கும் வேண்டும்.

ஆராயப்படாமல் போவது பற்றி வேம்படி சொன்னதில் நான் அவர் பக்கம். 2020-இல் கோவிட் சிகிச்சைகளைச் சோதித்த பிரிட்டனின் ரிகவரி ஆய்வு அதற்கு நேர்ச்சான்று. டெக்ஸாமெத்தசோன் காப்புரிமை முடிந்த பழைய மருந்து. நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். செயற்கைச் சுவாசத்தில் இருந்த கோவிட் நோயாளிகளில் 28 நாள் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3-க்கு இறங்கியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் இல்லை. பொதுப்பணம் இல்லாவிட்டால் இந்தக் கேள்வியை எந்த நிறுவனமும் கேட்டிருக்காது. மூலிகைக்கும் இதே வழி திறக்க வேண்டும் என்று கேளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சோதனையே வேண்டாம் என்றால் மாட்டேன்.

வேம்படி:
சோதனை வேண்டாம் என்று நான் சொன்னதில்லை. சோதனையில் தோற்றுப்போன மருந்து சந்தையில் இருக்கும்போது, சோதிக்கப்படாத இலையை மட்டும் விரட்டுவதை ஏற்கமாட்டேன். இதில் நான் மாறவில்லை. ஒன்று கேட்கிறேன்: ஆய்வு வரும்வரை, ஏற்கெனவே மூலிகைக் குப்பி வாங்கி விழுங்கிக்கொண்டிருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

குடுவை:
முதலில், சமையலில் போடும் அளவும் மாத்திரையில் உள்ள சாறும் ஒன்றல்ல. மஞ்சள்பொடியில் குர்குமின் என்ற நிறப்பொருள் சுமார் 3 சதவீதம். 2 கிராம் குர்குமின் விழுங்குவது ஏறத்தாழ 65 கிராம் பொடிக்குச் சமம். 1998-இல் அதே 2 கிராமோடு மிளகின் காரப்பொருளான பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது உடலில் சேர்ந்தது சுமார் 20 மடங்கு கூடியது. பைப்பரின் குடலிலும் கல்லீரலிலும் பொருள்களை வெளியேற்றும் வேலையைத் தடுப்பதால், கூடவே எடுக்கும் மற்ற மருந்துகளின் அளவும் ஏறலாம். மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதித்த 10 பேரை 2022-இல் அமெரிக்க மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். 7 பேரிடம் ஒரே மரபணு வகை இருந்தது.

மனச்சோர்வுக்கு எடுக்கும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை இதற்கு எதிர்த்திசையில் கெடுக்கும். கல்லீரல் நொதியைத் தூண்டி மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். மாற்றுறுப்பு பொருத்தியவருக்கு, நிராகரிப்பைத் தடுக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு விழுந்து உறுப்பையே உடல் நிராகரித்திருக்கிறது; கருத்தடை மாத்திரையும் பலிக்காமல் போகலாம்.

ஆகவே குப்பியையே மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், பெயர் சொன்னால் போதாது. அட்டையில் செடியின் தாவரவியல் பெயர், எந்தப் பகுதி, சாறு என்றால் எத்தனை பங்கு செடிக்கு ஒரு பங்கு சாறு என்ற விகிதம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் விழுங்கும் அளவு யாருக்கும் தெரியாது. திட்டமிட்ட அறுவைச் சிகிச்சை என்றால் பொதுவாக இரண்டு வாரம் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சிறுநீர் கறுத்தாலோ, தோல் அரித்தாலோ, கண் மஞ்சளானாலோ அன்றே நிறுத்திக் கல்லீரல் பரிசோதனை செய்யுங்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.