சிலோனிலிருந்து வந்த பெரியவர்களின் நினைவுகளை மாணவர்களைக் கொண்டு பதிவு செய்வது எப்படி?

கேள்வி: கூடலூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நீலகிரி மாவட்டம் கூடலூர் வட்டாரத்தில் உள்ள அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். என் வகுப்பில் பலர், சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து வந்து, டேன்டீ எனப்படும் தமிழ்நாடு அரசுத் தேயிலைக் கழகத்தின் தோட்டங்களில் குடியமர்த்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான அந்த ஒப்பந்தம், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு செய்ததையும், எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். ஆனால், "உன் பாட்டி எந்தத் தோட்டத்தில் பிறந்தார்?" என்று கேட்டால் பெரும்பாலோருக்குத் தெரியவில்லை.

சென்ற ஆண்டு இருபது கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்து அவர்களை வீடுகளுக்கு அனுப்பினேன். "கஷ்டப்பட்டோம், கப்பல்ல வந்தோம், அவ்வளவுதான்" என்ற அளவிலேயே விடைகள் வந்தன. ஒரு தாத்தா மட்டும் விரிவாகப் பேசினார். அவர் இலங்கையில் தமிழர்களுக்கு எதிராக நடந்த 1977 கலவரத்துக்குப் பிறகே புறப்பட்டதாக உறுதியாகச் சொல்கிறார்; நாடு திரும்புவோருக்கென்று வழங்கப்பட்ட அவருடைய குடும்ப அட்டையிலோ 1974 என்று இருக்கிறது. இதில் எதை எழுதுவது? எண்பதைக் கடந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருவதால், இந்த ஆண்டாவது இதை ஒழுங்காகச் செய்துவிட வேண்டும் என்று மனம் பதைக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில் 1: வாய்மொழி வரலாறு பதிவு செய்பவர்

அம்மா, பிழை மாணவர்களிடமும் இல்லை, பெரியவர்களிடமும் இல்லை, கேள்வித்தாளில்தான் இருக்கிறது. தாளும் பேனாவுமாக வந்து கேட்பவர் யாராக இருந்தாலும், குடியுரிமைக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்த ஒருவருக்கு அது விசாரணையாகவே தோன்றும். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட தலைமுறை அது. அதிகாரி கேட்டால் சுருக்கமாகச் சொல்லி அனுப்பிவிடுவதே பாதுகாப்பு என்பதை அவர்கள் வாழ்ந்து கற்றிருக்கிறார்கள்.

ஆகவே ஏதேனும் ஒரு பொருளிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். அங்கிருந்து கொண்டு வந்த டிரங்குப் பெட்டி, பித்தளைக் குடம், பழைய புகைப்படம் என்று எதுவானாலும் சரி, பிள்ளை அதைக் கையில் எடுத்து, "இது எப்படிப் பாட்டி நம்ம வீட்டுக்கு வந்தது?" என்று கேட்டால் போதும். அடுத்தபடியாக வேலையைக் கேட்கலாம். விடியற்காலையில் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போனது, கங்காணி (வேலை வாங்கும் மேற்பார்வையாளர்) பெயர் கூப்பிட்டது, கொழுந்து நிறுத்தது, கவ்வாத்து வெட்டியது (தேயிலைச் செடியைக் கத்தரித்தது) என்று ஒரு நாளைச் சொல்லத் தொடங்குபவர் ஒரு காலத்தையே சொல்லிவிடுவார். நடுவில் அவர் பேசாமல் இருந்தால் பிள்ளைகளும் பேசாமல் காத்திருக்கட்டும். அந்த அரை நிமிட மௌனத்தில் அடுத்த கேள்வியைப் போட்டு நாம் இழந்தவை ஏராளம்.

அந்தத் தாத்தாவின் ஆண்டுக் குழப்பத்தைத் தயவுசெய்து திருத்திவிடாதீர்கள். இத்தாலியின் தெர்னி நகரில் இதற்கு இணையான ஒன்று நடந்திருக்கிறது. 1949இல் நேட்டோ எதிர்ப்பு ஊர்வலத்தில் லூயிஜி திரஸ்தூல்லி என்ற இளம் தொழிலாளி காவல்துறையால் கொல்லப்பட்டார். பல ஆண்டுகள் கழித்து அலெஸ்ஸாண்ட்ரோ போர்ட்டெல்லி என்ற ஆய்வாளர் விசாரித்தபோது, ஊரார் பலரும் அந்தச் சாவை 1953இல் ஆலையில் நடந்த ஆட்குறைப்பு எதிர்ப்புப் போராட்டத்தோடு சேர்த்தே நினைவுகூர்ந்தார்கள். அவர்களுக்கு வாழ்வு உடைந்த இடம் அதுவாக இருந்தது. சாவும் அங்கே போய்ச் சேர்ந்துகொண்டது. உங்கள் தாத்தாவிடம், 1977இல் அங்கே தங்கிவிட்ட உறவினர் யாருக்கு என்ன நேர்ந்தது என்று மெதுவாகக் கேட்டுப் பாருங்கள். அட்டையில் இருக்கும் ஆண்டையும் அவர் சொல்லும் ஆண்டையும் அருகருகே எழுதி, இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தைப் பற்றி வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுங்கள். ஆவணமும் நினைவும் வேறு வேறு செய்திகளைத் தருகின்றன என்பதைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையால் நன்றாகவே புரிந்துகொள்ள முடியும்.

பதில் 2: கோத்தகிரியிலிருந்து ஒருவர்

ஆசிரியை அவர்களுக்கு, நான் அந்தக் குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவள். என் அம்மாயி பதுளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். மலையகத்திலிருந்து, கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போன ரயிலை "ஒப்பாரிக் கோச்சி" என்றுதான் அவர் கடைசி வரை சொன்னார். ஏறியவர்களும் வழியனுப்ப வந்தவர்களும் ஒருவர் கழுத்தை ஒருவர் கட்டிக்கொண்டு அழுததால் வந்த பெயர் அது. ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில்) அண்ணனுக்கு இந்தியக் குடியுரிமையும் தம்பிக்கு இலங்கைக் குடியுரிமையுமாகப் பிரிந்தவர்கள் இருக்கிறார்கள். 5,25,000 என்ற எண்ணைக் கற்பிக்கும் அதே பாடவேளையில், அந்தக் கோச்சியின் பெயரையும் நீங்கள் கரும்பலகையில் எழுத வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஆனால் ஒரு வருத்தத்தையும் சொல்லியாக வேண்டும். அம்மாயியிடம் வெவ்வேறு காலங்களில் மூன்று பேர் வந்து பதிவு செய்துகொண்டு போனார்கள். ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அந்தக் குரலின் ஒரு பிரதிகூட இன்று எங்களிடம் இல்லை. அவர் இறந்த பிறகு அந்தக் குரலுக்காக நாங்கள் பட்ட ஏக்கம் சொல்லி மாளாது. எனவே பதிவு முடிந்த வாரமே அந்த வீட்டுக்கு ஒரு பிரதி போய்ச் சேர வேண்டும். இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மொழியையும் மாற்றிவிடாதீர்கள். காம்பரா, கோச்சி, துரை, கணக்கப்பிள்ளை என்று அவர்கள் சொன்னபடியே எழுதட்டும். "அறை", "தொடர்வண்டி" என்று பிள்ளைகள் திருத்தி எழுதினால், பாட்டியின் பேச்சு குறையுடையது என்று நாமே கற்றுக்கொடுத்தவர்கள் ஆவோம். அங்கே இந்தியாக்காரர் என்றும் இங்கே சிலோன்காரர் என்றும் ஒதுக்கப்பட்டவர்கள், தங்கள் பேச்சைப் பேரப்பிள்ளைகளிடமிருந்தே மறைத்துக்கொண்டார்கள். வீட்டில் யாரும் எதையும் சொல்லாமல் போனதற்கு அந்தக் கூச்சமும் ஒரு காரணம். பெண்களின் பிரசவம், பிள்ளைமடுவம் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்), கங்காணிகளின் கொடுமை போன்றவற்றைப் பெண் பிள்ளைகள் தனியாக உட்கார்ந்து கேட்பது நல்லது.

பதில் 3: நூலகப் பணியாளர்

பாதுகாப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கைபேசியே போதும், இயன்றால் ஒலியைச் சுருக்காத வேவ் (WAV) வடிவில் பதிவு செய்யுங்கள். எம்பி3 கோப்பில் ஒலித்தகவல் குறைக்கப்படுவதால், அதை மூலப்பிரதியாக வைத்துக்கொள்வது நல்லதன்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை தகரக் கூரையில் விழும் மழையில் குரல் முழுவதும் அமிழ்ந்துவிடும். பொங்கலுக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். தேதி, இடம், பேசுபவர், கேட்பவர் ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே வாய்விட்டுச் சொல்லிவிடச் செய்தால், கோப்பின் பெயர் மாறினாலும் அடையாளம் தொலையாது. மூன்று பிரதிகளில் ஒன்றாவது வேறு ஊரில் இருக்கட்டும்.

சம்மதத்தை இருமுறை பெறுங்கள். பேசுவதற்கு முன் ஒருமுறை, பதிவைக் கேட்ட பிறகு, "இதை மற்றவர்கள் கேட்கலாமா?" என்று இன்னொரு முறை. குடும்ப அட்டையைப் படமெடுத்தால் எண்ணை மறைத்து வையுங்கள். அவர்கள் நீக்கச் சொல்லும் பகுதியை மறுபேச்சின்றி நீக்குங்கள். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். ஆண்டுக்குப் பத்துப் பேர் என்பதே ஒரு வகுப்புக்குப் பெரிய வேலை.

பதில் 4: பந்தலூர் வாசகர்

ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். டேன்டீ தோட்டங்கள் 1968 முதல் வன நிலத்தில் உருவாக்கப்பட்டவை. அந்தக் காடுகளைத் தங்கள் ஊராகக் கொண்டிருந்த பணியர், காட்டுநாயக்கர், முள்ளுக்குறும்பர் குழந்தைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அவர்களுடைய பெரியவர்களிடமும் அதே மலையைப் பற்றிக் கேட்காமல் கூடலூரின் வரலாறு என்று பெயரிட்டால், அது ஒரு சாராரின் வரலாறாகவே நின்றுவிடும்.

ஆசிரியையின் மறுமொழி

அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. நேற்று அந்தத் தாத்தாவின் வீட்டுக்கு நானே போயிருந்தேன். 1977இல் அவருடைய தங்கை குடும்பம் வீட்டை இழந்து மன்னார்ப் பக்கம் போனதாகவும், அதன்பின் கடிதமே வரவில்லை என்றும் சொன்னார். கப்பலில் கொண்டு வந்த பெட்டியைத் திறந்து, தங்கை எழுதிய இரண்டு கடிதங்களைக் காட்டினார். கேள்வித்தாளைப் பைக்குள்ளேயே வைத்துவிட்டேன். பொங்கல் கழிந்ததும் அவருடைய பேத்தியே அந்தக் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டிப் பதிவைத் தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். பந்தலூர் நண்பர் சொன்னதும் மனதில் தைத்தது. எங்கள் வகுப்பில் பணியர் பிள்ளைகள் நால்வர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது பணிய மொழி. அதைத் தமிழ் எழுத்தில் எழுதிப் பழகியவர்கள் யாரேனும் இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.