ஆன்லைன் ஆர்பிஜி: ஆடுவோர் எண்ணிக்கையை ஸ்டீம் எண் சொல்லுமா?

கொழிஞ்சாம்பாறை_குமார்:
பாலக்காடு–பொள்ளாச்சி எல்லையில மூணு பேர் சேர்ந்து ஒரு எம்எம்ஓ (ஆயிரக்கணக்கானோர் ஒரே உலகத்துல ஆடுற ஆன்லைன் கேம்) ஆடத் தொடங்கப் போறோம். இரவு 9 முதல் 11 வரைதான் நேரம். ஆள் இல்லாத கேமுக்குச் சந்தா கட்ட மனசில்லைங்க. ஒரு தளம் ஒவ்வொரு கேமுக்கும் ‘இன்று ஆடுவோர்’ என்று லட்சக்கணக்குல போடுது. நம்பலாமா?

வாளையார்_வேலன்:
அதை விடுங்க. ரெடிட் (இணைய விவாதத் தளம்) குழு உறுப்பினர் எண்ணிக்கையைப் பெருக்கிப் போடுற தளங்கள் உண்டு. கேமை விட்டவன் குழுவை விட்டு விலகுறதில்லை, அதனால அந்த எண் ஏறுமே தவிர இறங்காது. கேம் வாங்கி ஆடுற ஸ்டீம் தளம் காட்டுறது அளந்த எண். நியூ வேர்ல்ட் 2021 அக்டோபர்ல 9.13 லட்சம், லாஸ்ட் ஆர்க் 2022 பிப்ரவரில 13.25 லட்சம், ஒரே நேரத்தில். ரெண்டுக்கும் ஒரே அளவுகோல், ஒப்பிடுறதுல என்ன தப்பு?

நகரி_தறி:
அளவுகோல் ஒன்று, அளக்கப்படுவது வேறு. கேம் திறந்திருக்கிறதா என்பதைத்தான் ஸ்டீம் எண்ணுகிறது. நியூ வேர்ல்ட் வெளியானபோது சர்வர் வரிசையில் மணிக்கணக்கில் காத்திருந்தவர்களும், வரிசை பறிபோகும் என்று வெளியேறாமல் சும்மா நின்றவர்களும் அந்த 9.13 லட்சத்தில் அடக்கம். லாஸ்ட் ஆர்க் இலவசம். 2022 மார்ச்சில் 10 லட்சத்துக்கு மேல் பாட் (ஆளில்லாமல் தானாக ஆடும் நிரல்) கணக்குகளை முடக்கியதாக அமேசானே அறிவித்தது.

அதைவிடப் பெரிய சிக்கல் ஆடும் நேரம். வாளையார் சோதனைச் சாவடியில் ஒரு நொடியில் நிற்கும் லாரிகளை எண்ணினால், அன்று கடந்த லாரிகள் எத்தனை என்று தெரியாது. ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நின்றது என்றும் தெரிய வேண்டும். கணக்கு இதுதான்: அன்றாட ஆட்டக்காரர் = சராசரி ஒருநேர எண் × 24 ÷ ஒருவர் நாளொன்றுக்கு ஆடும் மணி. சராசரி 40,000 என்று வையுங்கள். 2 மணி நேரம் ஆடினால் 4.8 லட்சம் பேர், 4 மணி என்றால் 2.4 லட்சம். உச்ச எண்ணைப் போட்டால் விடை இன்னும் வீங்கும். பிளாக் டெசர்ட்டில் மீன்பிடிக்க விட்டுவிட்டுத் தூங்கப் போகலாம். அங்கே 24 மணி நேரமும் ஒரே ஆள் எண்ணப்படுவார்.

வாளையார்_வேலன்:
சரிங்க, ஆனா ஒரே கேமோட போக்கைப் பார்க்க அது போதும். ஒரே கிழமை, ஒரே நேரம், பேட்ச் (கேம் புதுப்பிப்பு) வந்த வாரத்தைத் தள்ளிட்டுப் பாருங்க. அன்றைய தாழ்வை உச்சத்தால வகுத்து எழுதி வைங்க. மனுஷன் தூங்குவான், பாட் தூங்காது. அந்த விகிதம் மாசா மாசம் ஏறினா பாட் பெருகுதுன்னு சந்தேகப்படலாம். ஒரே நாள்ல படியா இறங்கினா கணக்கு முடக்கம்.

நகரி_தறி:
ஒரே கேமுக்குள் என்றால் ஒப்புக்கொள்கிறேன். குமார் கேட்டது கேம்களுக்கிடையே. வாவ் (வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்) ஸ்டீமிலேயே இல்லை. சந்தா எண்ணை வெளியிடுவதையும் 2015-இல் நிறுத்திவிட்டார்கள். ஃபைனல் ஃபேன்டசி 14-க்கு பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ், தனி லாஞ்சர் (ஸ்டீம் இல்லாமல் கேமைத் திறக்கும் செயலி) எல்லாம் உண்டு. அவர்கள் சொல்லும் 3 கோடி, தொடக்கத்திலிருந்து பதிந்த கணக்குகள். இலவச முயற்சியும் அதில் சேர்த்தி. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பின் இணையதளமே இப்போது ஆடுவோர் எண்ணைக் காட்டுகிறது. அதோடு ஸ்டீம் எண்ணை வைத்துப் பாருங்கள், சிறு பங்குதான். அந்தப் பங்கை வேறு கேமுக்குத் தூக்கிப் போடவும் கூடாது. ஈவ் ஆன்லைனில் சர்வரின் எண் நேராகப் பொது ஏபிஐ (நிரல்கள் தரவு கேட்டு வாங்கும் வாசல்) வழியே கிடைக்கிறது. அங்கும் ஒருவரே நாலு கணக்கு ஓட்டுவார்.

களியக்காவிளை_ஜெபா:
வேலன் அண்ணன், தறி அண்ணன், ரெண்டு பேரும் உலக எண்ணைப் பத்தியே பேசுறீங்க. குமாருக்கு ஒரு சர்வர், ரெண்டு மணி நேரம் போதும். அதை நேரா அளக்கலாம். செவ்வாய் 9:30-க்கு கேமுக்குள்ள ஏல மண்டபத்துலயும் டஞ்சன் (குழுவா போய்ச் சண்டை போடுற இடம்) வாசல்லயும் கண்ணுல படுற பெயர்களைக் குறிக்கணும்: 400. வியாழன் அதே நேரம் 500. ரெண்டுலயும் 50 பெயர் பொதுன்னா, வியாழன் பார்த்ததுல பத்துல ஒண்ணு செவ்வாய்ப் பெயர்; அப்போ அந்த 400-ம் மொத்தத்துல பத்துல ஒண்ணு: 400 × 500 ÷ 50 = 4,000. தீவிரமா ஆடுறவங்க ரெண்டு நாளும் சிக்குவாங்க, அதனால உண்மை இதைவிடக் கூடவே இருக்கும். ஆல்ட் கேரக்டர் (ஒருத்தரே மாத்தி மாத்தி ஆடுற வேற பாத்திரம்) எதிர்ப்பக்கம் இழுக்கும். கிடைக்கிறது பெயர் கணக்கு, ஆள் கணக்கு இல்லை. இடைவெளி ரெண்டு நாளுக்கு மேல போகக் கூடாது. வாவ்-ல ஹூ கட்டளை (இப்போ யார் யார் இருக்காங்கன்னு கேக்குறது) 50 பேருக்கு மேல காட்டாது. லெவல், கிளாஸ் (பாத்திர வகை)னு பிரிச்சுப் பிரிச்சுக் கேக்கணும்.

நம்ம 9 மணி ஜப்பான்ல நள்ளிரவு 12:30. ஜெர்மனில கோடையில மாலை 5:30, குளிர்காலத்துல 4:30. ஐரோப்பிய சர்வர் 11 மணியை நெருங்க நெருங்க நிறையும். ஜப்பான் சர்வர் அப்போ காலியாகும்.

வாளையார்_வேலன்:
பெயர் குறிக்கிறதை விட, டஞ்சனுக்கு ஆள் சேர ஆகுற காத்திருப்பு நேரத்தை அளந்தா சுலபம் ஜெபா. ஃபைனல் ஃபேன்டசி 14 லெவல் 70 வரை, வாவ் 20 வரை இலவசம். குமார், அடிக்கிற ரோல்ல வரிசை போடுங்க. டேங்க் (முன்னால நின்னு அடி வாங்குற ரோல்) போட்டா உடனே இடம் கிடைச்சு ஏமாத்திடும்.

நகரி_தறி:
அதிலும் ஒரு திருத்தம். டஞ்சன் அணி ஃபைனல் ஃபேன்டசியில் நால்வர், வாவ்-இல் ஐவர்; மூவராகப் போனால் முதலாவதில் வெளியாள் ஒருவர் போதும், இரண்டாவதில் இருவர் வேண்டும். காத்திருப்பு 5 நிமிடம் என்பதற்கு இரண்டிலும் ஒரே பொருள் இல்லை. தனியாக ஒருமுறை, மூவராக ஒருமுறை, இரண்டையும் அளந்து இங்கே போடுங்கள் குமார். சர்வர் பெயரையும் சேர்த்து.