பார்ட்னர்ஷிப் யூனிட்டுக்கு பிஇ ஃபண்ட் பணம் வாங்கலாமா?

பல்லடம்_நிட்ஸ்:
எல்லாருக்கும் வணக்கமுங்க. பல்லடம் பக்கம் எங்களுக்கு நிட்டிங், காம்பாக்டிங் யூனிட் இருக்கிறது, அப்பாவும் சித்தப்பாவும் பார்ட்னர்கள். மும்பை பிஇ ஃபண்ட் (பிரைவேட் ஈக்விட்டி, அதாவது பலரிடம் பணம் திரட்டி கம்பெனிகளில் பங்கு வாங்கும் நிதி) ஒன்று 60 சதவீதப் பங்கு கேட்டு டேர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைகளின் முதல் வரைவு) அனுப்பியிருக்கிறது. "வட்டி இல்லாத பணம், வாங்கிப் போடு" என்கிறார் சித்தப்பா. எதை எல்லாம் பார்க்க வேண்டும்?

ஈரோடு_ஆடிட்டர்:
ஃபர்மாக இருக்கும்வரை விற்க உங்களிடம் ஷேரே கிடையாதே தம்பி. கம்பெனியாக மாற்றியாக வேண்டும். அப்படி மாற்றும்போது மூலதன ஆதாய வரி வராமல் இருக்க வழி உண்டு, ஆனால் பார்ட்னர்கள் கைக்கு ஷேரைத் தவிர வேறு எதுவும் வரக்கூடாது, 5 வருஷத்துக்கு குறைந்தது 50 சதவீத ஓட்டுரிமை அவர்களிடமே இருக்க வேண்டும். 60 கொடுத்தால் அது உடைந்துபோகும், அன்றைக்கு விட்ட வரி கம்பெனி தலையில் வந்து விழும். பல்லடத்தில் இடம் விற்கிற விலைக்கு அது சின்னத் தொகையாக இருக்காது. அப்புறம், இடம் யார் பேரில்? நம்ம பக்கம் ஷெட் ஃபர்ம் பேரில், நிலம் அம்மா பேரில் என்றுதான் பாதி யூனிட் ஓடுகிறது. ஃபண்டு வக்கீல் முதலில் கேட்கிற பேப்பர் அதுதான்.

கோவை_வக்கீல்:
வட்டி இல்லை, சரி. ஆனால் ஃபண்டுக்கு ஆயுசு உண்டு. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியின் 2012 ஏஐஎஃப் (மாற்று முதலீட்டு நிதி) விதிப்படி பிஇ ஃபண்டு பெரும்பாலும் இரண்டாம் வகை, காலக்கெடு முடிந்தால் அதில் பணம் போட்டவர்களுக்குத் திருப்பியாக வேண்டும். அதனால் 'டிராக் அலாங்' பக்கத்தை இரண்டு தடவை படியுங்கள், அவர்கள் விற்கும்போது உங்கள் ஷேரையும் சேர்த்து விற்கச் சொல்லும் உரிமை அது. நம்ம கோவை கம்பெனி கிராஃப்ட்ஸ்மேன் ஆட்டோமேஷன் மாதிரி 2021ல் ஐபிஓ (பொதுமக்களுக்கு முதல் ஷேர் விற்பனை) வந்து முதலீட்டாளர்கள் விற்று வெளியேறும் வாய்ப்பு எல்லா யூனிட்டுக்கும் அமையாது, இன்னொரு ஃபண்டுக்குக் கைமாற்றுவதுதான் சகஜம். உங்களுக்கு வேண்டிய ஷேர் மாற்றக் கட்டுப்பாடுகளை ஒப்பந்தத்தோடு நிறுத்தாமல் கம்பெனியின் ஆர்டிகிள்ஸிலும் (கம்பெனியின் உள்விதிகள்) ஏற்றுங்கள். ரங்கராஜ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1991லேயே சொன்னது, ஷேர் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டது மட்டும் கம்பெனியைக் கட்டுப்படுத்தாது.

பல்லடம்_நிட்ஸ்:
அப்ப 60ஐ 40 ஆக்கச் சொல்லிக் கேட்கலாமுங்களா?

கோவை_வக்கீல்:
கேளுங்க. இப்போது நிறைய ஃபண்டு கன்ட்ரோல் கையில் இருந்தால்தான் வருவேன் என்கிறது, போனால் போகட்டும். ஒத்துக்கொண்டாலும் சிசிபிஎஸ் (பின்னால் கட்டாயம் சாதாரண ஷேராக மாற வேண்டிய முன்னுரிமைப் பங்கு) ஷேராக மாறும் விகிதத்தைப் பாருங்கள். லாபம் குறைந்தால் அவர்களுக்கு அதிக ஷேர் என்று எழுதியிருந்தால் இன்றைய 40 சதவீதம் பின்னால் 55 ஆகிவிடலாம், ஆடிட்டர் சொன்ன வரியும் கூடவே வரும்.