அலைதுகள் வேண்டாம், அலைத்துகள் என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஒளியும் எலக்ட்ரானும் அலையாகவும் துகளாகவும் நடந்துகொள்வதைக் குறிக்கும் ‘இருமைப் பண்பு’ என்ற சொல்லுக்கு மாற்று தேவையா என்று தக்கலை சார் தொடங்கிய இழையை முழுவதும் படித்தேன். தேவை என்பதே என் கட்சி. பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் புத்தகம் ‘கதிர்வீச்சு மற்றும் பருப்பொருளின் இருமைப் பண்பு’ என்று பாடத்துக்கே பெயர் வைத்திருக்கிறது. அதைப் பிழை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாடத்தை முடித்துவிட்டு நாகர்கோவிலில் என்னிடம் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளிடம் ஒளி என்றால் என்ன என்று கேட்டால், “சில நேரம் அலை, சில நேரம் துகள்” என்கிறார்கள். ஏதோ ஒளியிடம் இரண்டு சட்டை இருப்பதுபோலவும், சோதனைக்குத் தக்கபடி மாற்றிப் போட்டுக்கொள்வதுபோலவும். அந்த ‘சில நேரம்’ எங்கிருந்து வந்தது? ‘இருமை’ என்ற சொல்லிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சமன்பாடுகளைப் பாருங்கள். 1900 டிசம்பரில் பிளாங்க் கொண்டுவந்து, 1905இல் ஐன்ஸ்டைன் ஒளிக்கே பொருத்திக் காட்டியது: ஒரு ஃபோட்டானின் (ஒளியின் ஒரு தனி அலகின்) ஆற்றல் = பிளாங்க் மாறிலி (மாறாத ஓர் எண்) × அதிர்வெண். இடப்பக்கம் எண்ணி எடுக்கக்கூடிய ஒன்றின் ஆற்றல், வலப்பக்கம் அலையின் அதிர்வெண். 1924இல் டி பிராய் தன் ஆய்வேட்டில் பருப்பொருளுக்குச் சொன்னதும் அப்படியே: அலைநீளம் = பிளாங்க் மாறிலி ÷ உந்தம். நடுவில் நிற்பது சமக்குறி. ‘அல்லது’ என்ற சொல்லுக்கு அங்கே இடமே கிடையாது.

குளச்சல் டீச்சர், துகள் என்ற பாதியைப் பிள்ளைகளுக்கு எப்படி உணர்த்துவது என்று கேட்டிருந்தீர்கள். நம் ஊர்ச் சரக்கே இருக்கிறது. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் மஞ்சள் கலந்த பழுப்புக் குருணையாக மோனசைட் என்ற கனிமம் கிடக்கிறது, அதில் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம். அந்த மணலின் பக்கத்தில் கதிர் எண்ணியை வைத்தால் டிக், டிக்டிக், கொஞ்சம் மௌனம், மறுபடி டிக் என்று ஒழுங்கில்லாமல் விழும். ஒரு முழம் தள்ளி வைத்தால் டிக் அரிதாகும். ஒவ்வொரு டிக்கும் பழைய பலத்தோடேதான் வரும். இதைச் சாதாரண எண்ணியில் இருக்கும் கெய்கர் குழாயில் காட்டிவிட்டு நிறுத்தக் கூடாது, ஏனென்றால் அந்தக் குழாய் எது வந்து விழுந்தாலும் ஏறத்தாழ ஒரே அளவு துடிப்பைத்தான் தரும். சோடியம் அயோடைடு படிகம் வைத்த மிளிர்வு எண்ணிதான் சரியான சாட்சி. தோரியம் சிதைந்து வரும் வரிசையில் உள்ள தாலியம்-208 விடுகிற காமா கதிர் (இதுவும் ஒளியின் இனம்தான்) அதன் ஆற்றல் வரைபடத்தில் 2.6 மெகா எலக்ட்ரான்வோல்ட் இடத்தில் ஒரு உச்சியாகத் தெரியும். மணலைத் தள்ளி வையுங்கள், உச்சியின் உயரம் குறையும், இடம் நகராது. தூரம் போகப் போக மெலிந்துகொண்டே வருவது அலை மட்டுமே என்றால், ஒவ்வொரு வரவிலும் கிடைக்கும் ஆற்றலும் அதோடு மெலிந்திருக்க வேண்டும்.

அலைப் பாதிக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடலுக்குள் நீளும் கல் தடுப்பான தூண்டில் வளைவின் முனையைச் சுற்றி அலை உட்புறம் வளைந்து வருவதைக் கடலோரப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். விளிம்பு விளைவு அதுதான். எலக்ட்ரானிலும் இந்த அலைத்தன்மை தெரிந்தது: 1927இல் டேவிசனும் ஜெர்மரும் 54 வோல்ட்டில் முடுக்கிய எலக்ட்ரான்களை நிக்கல் படிகத்தில் மோதவிட்டபோது, சிதறி வந்த எலக்ட்ரான்களின் எண்ணிக்கையில் 50 டிகிரியில் ஓர் உச்சி கிடைத்தது. அதிலிருந்து கணக்கிட்ட அலைநீளம் 0.165 நானோமீட்டர். டி பிராய் சமன்பாடு தருவது 0.167.

இரண்டும் ஒன்றாக, ஒரே திரையில் தெரிவதற்கு 1989இல் ஜப்பானில் டோனோமுரா குழு செய்த சோதனையைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஒரு நேரத்தில் கருவிக்குள் இரண்டு எலக்ட்ரான் இருப்பதே அபூர்வம் என்கிற அளவுக்கு மெதுவாக அனுப்பினார்கள். திரையில் ஒரு புள்ளி, வேறெங்கோ இன்னொரு புள்ளி. அரைப் புள்ளி ஒருபோதும் விழவில்லை. நூற்றுக்கணக்கில் சேர்ந்த பிறகும் தாறுமாறாகத்தான் தெரிந்தது. ஆயிரக்கணக்கில் சேரச் சேர, அலைக்கே உரிய குறுக்கீட்டு வரிகள் எழுந்து வந்தன. எந்த நொடியில் அது துகளாக இருந்தது, எந்த நொடியில் அலையானது என்று அந்தத் திரையைக் காட்டிக் கேளுங்கள். கேள்வியே நிற்காது.

சரி, சொல்லுக்கு வருவோம். இழையில் ‘அலைதுகள்’, ‘அலைத்துகள்’ என்று இரண்டையும் மாற்றி மாற்றி எழுதியிருக்கிறோம். ஒரு ஒற்றுதானே என்று விட முடியாது, இங்கே இயற்பியலே அந்த ‘த்’தில் இருக்கிறது. ஒற்று இல்லாமல் அலைதுகள் என்றால் உம்மைத்தொகை: அலையும் துகளும். பழைய இருமையே திரும்பி வருகிறது. இல்லையென்றால் அலைகடல் மாதிரி வினைத்தொகை: அலைகின்ற துகள். இது இன்னும் மோசம். பிள்ளைகள் நோட்டில் ஒரு புள்ளியைப் போட்டு, அது மேலும் கீழுமாக நெளிந்து போகிற கோட்டை வரைகிறார்களே, அந்தத் தவறான படத்துக்கு நாமே பெயர் சூட்டியதாகிவிடும்.

ஒற்றுப் போட்டு ‘அலைத்துகள்’ என்றால் இருபெயரொட்டுப் பண்புத்தொகை: அலையாகிய துகள். சாரைப்பாம்பு என்னும்போது சாரை வேறு, பாம்பு வேறு என்று யாரும் தேடுவதில்லை. நமக்கு வேண்டிய பொருள் இதுதான்.

பூதப்பாண்டி அண்ணன், ‘அலையின் துகள்’ என்றும் பிரிக்கலாமே என்றார். நியாயமான தடை. அலையைத் துண்டு போட்டதில் ஒரு துண்டு என்ற எண்ணம் வந்தால் தப்பு. அதற்கு வரையறையின் முதல் வரியிலேயே ‘பகுத்துப் பெற முடியாதது’ என்று சேர்த்துவிடலாம். களியக்காவிளை நண்பர் சொன்ன ‘துவைதம்’ எனக்கு உடன்பாடில்லை. மெய்யியலில் அது இரண்டும் வேறு வேறு என்று நிலைநாட்டுகிற சொல். வானியலாளர் எடிங்டன் 1928இல் ஆங்கிலத்தில் ஒட்டுப்போட்ட ‘வேவிக்கிள்’ (wave + particle) நிலைக்கவில்லையே, இது மட்டும் நிற்குமா என்றும் கேட்டார். அங்கே இரண்டு சொல்லையும் வெட்டி ஒட்ட வேண்டியிருந்தது. நமக்குத் தொகைச்சொல் அன்றாடப் பேச்சிலேயே இருக்கிறது. ஒரு சொல் எப்படி நிலைக்கும் என்பதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. 1926இல் வேதியியலாளர் லூயிஸ் ‘ஃபோட்டான்’ என்று எழுதியபோது அவர் மனதிலிருந்த கருத்து கைவிடப்பட்டது, சொல் மட்டும் உலகம் முழுவதும் தங்கிவிட்டது.

ஆகவே என் முன்மொழிவு: பொருளுக்கு ‘அலைத்துகள்’, பண்புக்கு ‘அலைத்துகள் இயல்பு’. இலக்கணப்படி ‘அலைத்துகண்மை’ என்று ஆக்கலாம், ஆனால் வகுப்பில் யார் வாயிலும் நுழையாது. ஒளிக்கும் எலக்ட்ரானுக்கும் ஒரே சொல்லே போதும். குவாண்டம், ஃபோட்டான் இரண்டையும் தொட வேண்டாம். குவாண்டத்துக்கு இலங்கையில் ‘சக்திச்சொட்டு’ புழங்குவது தெரியும், அழகான சொல்தான், அதைத் தனி இழையில் பேசுவோம்.

பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகள் ‘இருமைப் பண்பு’ என்றே எழுதட்டும், மதிப்பெண்ணோடு விளையாடக் கூடாது. நம் கலைச்சொல் பட்டியலிலும் அதை அடைப்புக்குறிக்குள் வைத்துவிடலாம். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து